சில்லுக்குள் ஒரு நாயனம்

பழைய வீடியோ கேம் பெட்டிக்குள் இருக்கும் 'சிப்' என்கிற சில்லுகளுக்குச் சத்தம் செய்வது என் பிழைப்பு. வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களே, "சும்மாதானே இருக்கீங்க?" என்ற கேள்வியை நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

யாருக்கு?

இந்த வேலையில் சத்தத்தைக் கையால் வரைய வேண்டும். திரையில் முப்பத்திரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியை ஏற்றி இறக்கினால் ஓர் அலை கிடைக்கும். அந்தக் குட்டி அலையையே சில்லு திரும்பத் திரும்ப ஓட்டும், அதுதான் சத்தம். உறை மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா திரையைப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போய்க் கேட்டார்: "யாருக்குத் தம்பி ஈ.சி.ஜி. எடுத்தாங்க, ஒனக்கா?"

கோயம்புத்தூர் தீர்ப்பு

கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி, கோயில் திருவிழா கேமுக்கு நாயனச் சத்தம் கேட்டது. பிடித்துப்போனால் தொடர்ந்து வேலை. இல்லாவிட்டால் நான் மறுபடி சென்னை ஆபீசுக்கு, மகளும் பள்ளிக்கூடம் மாற வேண்டும். அறந்தாங்கியை விட்டுப் போக வீட்டில் ஒருவருக்கும் மனசில்லை.

நாயனம் உயிரோடு கேட்கட்டுமே என்று, சுரம் ஒலிக்கும்போதே நடுவில் அலையை மாற்றினேன். என் கம்ப்யூட்டரில் தேனாக இருந்தது. அதை நம்பி, அசல் சில்லில் போட்டுப் பார்க்காமலே அனுப்பித் தொலைத்தேன். சில்லோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'டிக்'கென்று சொடுக்கியது. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ராஜேஷ் போன் செய்தான்: "அண்ணா, நாயனத்துக்குள்ள பல்லி கத்துதுங்க."

கடைசிப் பந்தி

என்ன செய்தும் சொடுக்கு போகவில்லை. அந்த வாரம் ஆவுடையார்கோவிலில் மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. நாயனக்காரர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அவர் சுரத்தை நாக்கால் தட்டித் தட்டித் தொடங்கினார்; நாயனத்தின் வாய்நுனியில் செருகிய சீவாளியில் 'து' என்று ஒரு சின்னச் சொடுக்கு. அடடா, சொடுக்கு இங்கேயும் இருக்கிறது. நான்தான் அதைச் சுரத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அலை மாறுவதைச் சுரத்தின் தொடக்கத்துக்குத் தள்ளினால் போதும். வாயெல்லாம் பல்லாக நின்ற என்னிடம் என் மனைவி செல்வி வந்து சொன்னாள்: "கடைசிப் பந்தியும் எந்திரிக்கப் போகுது, வாரீங்களா, இல்ல இங்கிட்டே நிக்கிறீங்களா?"

செருப்பு

திருத்தி, இந்த முறை அசல் சில்லில் கேட்டுவிட்டே அனுப்பினேன். ராஜேஷ் கூப்பிட்டான். "நாயனத்தக் கேட்டுட்டு இங்க ஒருத்தன் செருப்பக் கழட்டிட்டு நிக்கறானுங்ணா. இதையே வச்சுக்கறோம், அடுத்த கேமும் உங்களுக்குத்தான்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப பாப்பாவுக்கு டி.சி. வாங்க வேணாம்ல?"

போக மறுக்கிற சொடுக்குக்குத் தக்க இடம் பார்த்துக் கொடுத்தால் அதற்குச் சங்கீதம் என்று பெயர். என்னைப் போன்ற ஆளுக்கு அந்த இடம் அறந்தாங்கி.