லுஹர் நேரத்தில் திறக்கும் கடை

லெஸ்டரில் நான் சாமான் வாங்கும் சுப்பர் மார்க்கெட்டில், தாடி வைத்த காசாளர் என் சானிட்டரி பேட் பெட்டியை ஆப்பிள்களோடு சேர்த்தே பில் போட்டார். “சுற்ற பேப்பர் ஏதாவது இருக்குமா?” என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “உடையிற சாமானா?” என்றார். அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். தெருவில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரான கல்முனையில், வாப்பாவின் பலசரக்குக் கடை வாசலில் எப்போதும் நாலு ஆண்கள் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். கேட்க வந்ததைக் கேட்காமல் சீனி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். மெயின் ரோட்டில் சுப்பர் மார்க்கெட் திறந்ததும் அவர்கள் அங்கே போனார்கள். ஏசிக் குளிருக்குத்தான் போகிறார்கள் என்பது வாப்பாவின் முடிவு. பாடசாலை விட்டு நானும் அங்கேதான் போனேன். வாய் திறக்காமல் தட்டிலிருந்து நானே எடுக்கலாம். சிறு கடைகளுக்காகக் கண்ணீர் விடும் கட்டுரைகளில் இது வருவதில்லை. எழுதுகிறவர்கள் வாசலில் நிற்பவர்களாக இருக்கலாம்.

போன வருடம், கடையை மூடி வாடகைக்கு விடப்போவதாக வாப்பா போனில் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தியைப் பல்கலைக்கழகம் அனுப்பிய கடை அது. அந்தப் பெருமையில் துணிந்து சொன்னேன்.

“பகல்ல லுஹர் தொழுகைக்குக் கடையப் பூட்டிட்டுப் பள்ளிக்குப் போறீங்க. அந்த நேரம் தெருவில ஆம்பிளையே இல்ல. உம்மா கடையில நிக்கட்டும். வீட்டுலதானே தொழுறாங்க, கொஞ்சம் பிந்தித் தொழட்டும்.”

“ஊர் என்ன கதைக்கும்?”

“கதைக்கிற ஆக்கள் எல்லாம் அப்ப உங்களோட பள்ளியிலதானே வாப்பா நிப்பாங்க.”

பின்னால் உம்மா சிரிப்பது கேட்டது. “லண்டனுக்குப் போய் வாய் கூடிட்டு உனக்கு,” என்று வாப்பா போனை வைத்துவிட்டார். எங்கள் ஊருக்கு லெஸ்டரும் லண்டன்தான்.

உம்மா அவரிடம் கேட்கவில்லை. ஒரு நாள் அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் கடையைத் திறந்துவிட்டார். தொழுது திரும்பிய வாப்பாவுக்கு உள்ளே இருந்து உம்மாவின் குரல் வந்ததாம்: “வராதீங்க, பொம்புளைகள் நிக்கிறாங்க!” சொந்தக் கடைக்குள் போக முடியாமல் அவர் எதிரே தையல்கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாராம். வாடகைப் பேச்சு இப்போது இல்லை. அடுத்த வருடம் எப்படியோ தெரியாது.

அங்கே லுஹர் என்றால் இங்கே காலை. பஸ்ஸுக்கு நிற்கும்போது உம்மா வீடியோவில் வருவார், போனைத் தராசில் சாய்த்துவைப்பார். பெண்கள் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டி, “இதில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்பார்கள். வாசித்துச் சொல்வேன். இன்று யாரோ உப்புக் கேட்டார். “கீழ்த்தட்டில, வாப்பா வைக்கிற இடத்தில, உம்மா,” என்றேன். உம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் மேல்தட்டுக்குக் கையை உயர்த்தி உப்பை எடுத்தார்.