பெரம்பலூர் பக்கம் நிலம் பார்க்க வந்தீங்களா?

நிலத் தரகில் முதலில் தேய்வது செருப்பு, அப்புறம் தொண்டை, கடைசியில் மானம். நிலம் வாங்கினவர்கள், விற்றவர்கள், விற்கப் போய் அண்ணன் தம்பியோடு பேச்சை விட்டவர்கள் எல்லோரும் நம்ம ஆட்கள்தான். உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. பத்திர ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். நகல் எடுக்க வருகிறவர்கள், "மேடம், ஏதாச்சும் நிலம் காதுல விழுந்தா சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே என்னைப் புரோக்கராக்கிவிட்டார்கள். இப்போது பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஸ்கூட்டி போகிற இடமெல்லாம் என் எல்லை.

குறை சொல்ல வந்தவர்

செட்டிகுளத்தில் ஒரு வெங்காயக் கொல்லை விலைக்கு வந்தது. திருச்சியிலிருந்து ஒரு பார்ட்டியை அழைத்துப் போனேன். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் குறை சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. கல்லு ஜாஸ்தி என்றார். மேடு பள்ளமாக இருக்கிறது என்றார். மெயின் ரோட்டுக்குத் தூரம், மழை வந்தால் தண்ணீர் நிற்கும், வராவிட்டால் காயும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கொல்லைக்காரம்மா குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்.

பார்ட்டி பேசி முடித்துவிட்டு, "என்னம்மா சொல்றீங்க?" என்றார். அந்தம்மா நிமிர்ந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு குறை இருக்கிற நெலத்தை உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரலீங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

கிணற்றில் தண்ணீர்

சித்திரை மாதத்தில் நிலம் காட்டக் கூடாது என்பார்கள் எங்கள் புரோக்கர்கள். நான் சித்திரையில்தான் காட்டுவேன். மழைக்காலத்தில் எல்லா நிலமும் அழகுதான். வெயிலில் நிற்கிற நிலத்தைப் பார்த்து வாங்கினவர் பிறகு என்னைத் தேடிவந்து திட்ட மாட்டார்.

பெரம்பலூருக்கு மேற்கே ராமசாமி அண்ணன் நிலத்துக்கு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரைக் கூட்டிப் போனேன். ஊரே காய்ந்து கிடக்க, அண்ணன் கிணற்றில் மட்டும் தண்ணீர் பளபளத்தது. வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மட்டும் கிணற்று மேட்டில் டேங்கர் லாரியின் டயர்த் தடம் ஈரமாகத் தெரிந்தது. "மோட்டாரைப் போடுங்கண்ணே, பாப்போம்" என்றேன். "கரண்டு இல்லம்மா" என்றார். அவர் தலைக்கு மேலே மோட்டார் கொட்டகையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நானே உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் கொட்டிய குழாய், இருமிவிட்டு நின்றுபோனது.

வாத்தியார் கிளம்பிவிட்டார். "என் பேருதானேண்ணே கெடும்? ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று சத்தம் போட்டேன். தலைகுனிவார் என்று பார்த்தால், என்னைவிடப் பெரிய சத்தம் போட்டார் ராமசாமி அண்ணன்: "தண்ணி இருந்தா நான் எதுக்கும்மா இந்த நெலத்தை விக்கப் போறேன்?"

சம்மதமா?

ராமசாமி அண்ணன் நிலத்தை 'மழையை நம்பிய மானாவாரி' என்று சொல்லியே மக்காச்சோளம் போடுகிற ஒருவருக்கு முடித்துக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லியும் நிலம் விற்கும் என்ற தெம்பில் மீன்சுருட்டி பக்கம் ஒரு முந்திரித் தோப்பை விற்றுக் கொடுக்க எடுத்தேன். அப்பா விட்டுப்போன தோப்பு. இரண்டு தம்பிகள், ஜெயங்கொண்டத்தில் வாக்கப்பட்ட அக்கா கலையரசி. "அக்கா கையெழுத்துப் போட்டுடும், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றார்கள் தம்பிகள். போனில் பதிவுத் தேதியைச் சொன்னபோது அக்காவும், "தம்பிங்க சொன்னா சரிதான்" என்றார். அந்தக் குரலிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பதிவு அன்றைக்கு வாங்குகிறவர் குடும்பத்தோடு பட்டு உடுத்தி வந்திருந்தார். பதிவாளர் வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுபோல, "சம்மதத்தோடதான் கையெழுத்துப் போடுறீங்களாம்மா?" என்றார். அக்கா பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லுக்கா, சம்மதம்னு சொல்லு" என்று சின்னத் தம்பி முழங்கையால் இடித்தார். வாங்க வந்தவர் என்னை முறைத்தார். நான் கலையரசி அக்கா பக்கம் போய் நின்று, "உங்களுக்கு எது தோணுதோ அதைச் சொல்லுங்க" என்றேன். தோப்பில் ஒரு பங்கு இன்று அவர் பெயரில் இருக்கிறதென்றால், அப்போது அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் பதிவாளரிடம் சொன்ன பதில்தான் காரணம்: "இதை என்கிட்ட மொதல்ல கேட்டது நீங்கதான் சார். எனக்குச் சம்மதம் இல்ல."

நடுவில் நின்ற நிலம்

கீழப்பழுவூரைத் தாண்டி ஓரிடத்தில் சுண்ணாம்புக்கல் எடுக்க ஒரு கம்பெனி நிலம் வளைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நடுவில் பாக்கியம் அக்காவின் பருத்திக் கொல்லை மட்டும் மசியவில்லை. புருஷன் இல்லாமல் தனியாளாகப் பருத்தி போடுகிறவர். "பொம்பளைக்குப் பொம்பளை பேசினா படிஞ்சிடும்" என்று கம்பெனி ஏஜென்ட் என்னை அனுப்பினார்.

போனேன். மோர் கொடுத்தார், விக்க மாட்டேன் என்றார். மறுபடி போனேன். மறுபடியும் மோர், மறுபடியும் அதே பதில். அதற்கு அடுத்த தடவை போனபோது ஸ்கூட்டி பாதியிலேயே நின்றது. கொல்லைக்குப் போகிற வண்டிப்பாதையின் குறுக்கே ஆளுயரப் பள்ளம். ஆவணி மழை பெய்து விதைக்கிற பதம். டிராக்டர் உள்ளே போகாவிட்டால் அந்த வருஷ வெள்ளாமையே போச்சு. அங்கிருந்தே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "விலை பேசுறதுதான் உங்க வேலை. பாதையை நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

மறுநாள் காலையில் பாக்கியம் அக்கா மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். அவரோடு களையெடுக்கப் போகிற பெண்களும் கூடையோடு வந்தார்கள். அதில் பாதிப் பேர் கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டவர்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் சுமந்தேன். ஜீப்பில் வந்து இறங்கிய ஏஜென்ட் என்னைப் பார்த்துத் திகைத்துப்போய், "மேடம், நீங்க யாரு பக்கம்?" என்றார். "என் ஸ்கூட்டி போகணும் சார்" என்றேன். எங்களைத் தடுக்க அவர் விஏஓவை வரவழைத்தார். வந்தவரோ, "இது பொதுப்பாதை சார், மறிச்சது நீங்கதான்" என்று சொல்லிவிட்டார். ஏஜென்ட் ஜீப்பில் ஏறிப் போனார். மதியத்துக்குள் டிராக்டர் பள்ளத்தைத் தாண்டி உள்ளே போனது.

அதிலிருந்து எந்தக் கம்பெனிக்காரரும் என்னைக் கூப்பிடுவதில்லை. தை மாதம் அந்தப் பக்கம் போனேன். இலையெல்லாம் சுண்ணாம்புப் புழுதி, அதற்கு நடுவே பருத்தி வெடித்து நின்றது. பாக்கியம் அக்கா மடியில் பஞ்சோடு வரப்புக்கு வந்தார். "இன்னும் கேட்டு ஆள் அனுப்புறாங்களாக்கா?" என்று கேட்டேன். என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டபடியே சொன்னார்: "வந்தா ஒன் நம்பரைத் தர்றேன். விக்க மாட்டேன்னு சொல்றதுக்கும் ஒரு புரோக்கர் வேணுமில்ல, இனிமே நீயே இருந்துக்க தங்கச்சி."

நான் விற்றுக் கொடுத்த நிலத்துக்காரர்கள் எதிரில் வந்தால் விற்ற வருத்தத்தில் தெருவை மாற்றிப் போகிறார்கள், விற்க முடியாமல் போன நிலத்துக்காரர்கள்தான் வாசலிலேயே மறித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள் என்பதால், இந்தத் தொழிலில் எனக்கு வயிறு நிறைவதெல்லாம் தோற்ற இடங்களில்தான்.