சோற்றைத் தின்ற வலை

“…அத்தச் சொல்லுங்க மொதல்ல. உங்க வலை சோத்தத் துன்னுதா, இல்லியா? எங்கண்ணன் ஆளே பாதியாய்ட்டான் டாக்டரம்மா. வயித்துக்குள்ள வலைய வெச்சித் தச்சி அனுப்னீங்க. அன்னிலேர்ந்து அவன் துன்றது அவனுக்குச் சேரல, வலைக்குத்தான் சேருது. எங்கூரே சொல்லுது.”

ஆலங்காயம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொன்னவர் பெயர் குப்பன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. மலையிலிருந்து முதல் பஸ்ஸில் புளி மூட்டையோடு இறங்கி, மண்டியில் போட்டுவிட்டு, பன்னிரண்டு ரூபாய் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவரை நாங்கள்தான் பார்த்துப் பிடித்தோம். நாங்கள் என்றால் மூன்று பேர்: டாக்டர் கயல்விழி, டாக்டர் பிரபு, அப்புறம் நான்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை, பைண்டிங்கும் உண்டு. படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் பைண்டிங்குக்கு வரும் தீசிஸ் புத்தகங்களை ஒட்டும்போது வாசித்து வாசித்து, பித்தப்பையில் கல் வந்தால் என்ன செய்வார்கள் என்று என் மனைவிக்கே விளக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். இந்த இருவரின் தீசிஸையும் தைத்து அட்டை போட்டவன் நான்தான். கயல் டாக்டர் படிக்கிற காலத்தில், தாள் வருகிற வரைக்கும் சும்மா நிற்க மாட்டார்; என் பைண்டிங் நூலை எடுத்து மேசை டிராயர் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுப் பழகுவார். இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று. அந்த டிராயரைத் திறக்க எனக்குக் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது.

ஐந்தரை வருடம் டாக்டர் படிப்பு, மூன்று வருடம் அறுவை சிகிச்சைப் படிப்பு, அதற்கு மேல் பெரிய டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று, அறுத்த இடத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியைப் பிடித்த வருடங்கள். எல்லாம் முடிந்து இப்போதுதான் இருவரும் உதவிப் பேராசிரியர்கள். பிரபு டாக்டருக்குப் பிடித்தது காலில் வரும் ஆறாத புண். முள் குத்திய பாதங்களைத் தேடி மலை ஏறுகிறவர். கயல் டாக்டருக்குக் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. அடிவயிற்றுச் சுவர் தளர்ந்து குடல் வெளியே பிதுங்கி நிற்கும். அதை உள்ளே தள்ளி, கொசுவலை மாதிரி ஒரு வலைத் துண்டை வைத்துத் தைக்க வேண்டும். பெரிய ஊருக்கு அலைய விடாமல், மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, அடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே இதைச் செய்ய முடியும் என்பது அவர் கட்சி. மாதம் இரண்டு நாள் அங்கே கேம்ப் போட்டுச் செய்கிறார்.

அவர் தனியாக நின்று செய்த முதல் ஆபரேசன், குப்பனின் அண்ணன் வெள்ளையனுக்கு. தீபாவளி முடிந்த வாரம். அன்று துணைக்கு வந்த குப்பனின் வயிற்றிலும் அதே பிதுக்கத்தைக் கவனித்து, “அடுத்தது நீங்கதான்” என்றிருக்கிறார். “வர்றேன்” என்று போனவர் வரவே இல்லை. அண்ணனும் மறுபரிசோதனைக்கு வரவில்லை. அந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருவருமே இறங்கவில்லை. ஏன் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். ஞாயிறு கடை லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். காரணம் டீக்கடையிலேயே கிடைத்துவிட்டது.

“உங்களுக்கு வலி எப்படி இருக்கு?” என்று கேட்டார் கயல் டாக்டர்.

“போன வாரம் வெளிய வந்தது உள்ள போவல. படுத்துக்கினு அமுக்கி அமுக்கி அனுப்ச்சேன். வேர்த்து ஊத்திடுச்சி.”

இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் குடல் மாட்டிக்கொண்டு உள்ளே போகாமலே நின்றுவிட்டால், மலையிலிருந்து இறங்குவதற்குள் உயிர் போகும். தீசிஸ் ஒட்டிய எனக்கே அது தெரியும்.

“இன்னிக்கே எங்களோட வாங்க.”

“மாட்டேன். எங்கண்ணனப் பாருங்க. வலை அவனத் துன்னலன்னு காட்டுங்க. அப்பால பேசலாம்.”

எட்டரைக்கு அன்வர் பாயின் ஜீப் கிளம்பியது. முன் சீட்டு எனக்கு. வயதுக்குக் கொடுத்த மரியாதை. டாக்டர்களும் குப்பனும் பின்னால். அன்வர் பாய் பேச்சுக்காரர். “மலை ஏறும்போது வாய மூடணும், எறங்கும்போது கண்ண மூடணும்” என்று சொல்லிவிட்டு, ஏறும்போது முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். ஹெர்னியா என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்க ஆரம்பித்தேன். “தெரியும் சார். டயர் வெடிச்சி ட்யூப் பிதுங்கறது. உள்ள ஒரு பேட்ச் போட்டா ஓடும்” என்று முடித்துவிட்டார்.

வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. காவலூர் தாண்டியதும் இருபுறமும் புளிய மரங்கள். மாசி மாதம், மரத்துக்கு மரம் ஆள் ஏறிக் கிளையை உலுக்க, கீழே பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சாமை அறுத்த கொல்லைகள் வெறுமையாகக் கிடந்தன. வேறொரு நாளாக இருந்தால் கயல் டாக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு புளியம்பழமாவது வாயில் போட்டிருப்பார். இன்று பின்சீட்டில் பிரபு டாக்டரிடம் தணிந்த குரலில் ஒவ்வொரு நோயாகச் சொல்லிக்கொண்டு வந்தார். காசநோயா? புற்றா? ஆபரேசன் அன்று எதையாவது கவனிக்காமல் விட்டேனா?

“எங்க சீஃப் அன்னிக்கே சொன்னார் அண்ணே” என்றார் கயல் டாக்டர் என்னிடம். “மலைக்காரங்க நீ சொல்ற எதையும் கேக்க மாட்டாங்க, தையல் எல்லாம் பிரிஞ்சு திரும்பி வரும், அப்ப உன் கேம்பும் மூடிடும்னு.”

“ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்னு பழமொழியே இருக்கு. நீ இன்னும் ஒண்ணுலதான் நிக்கிற” என்றார் பிரபு டாக்டர். சிரிக்க வைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

பத்தரை மணிக்கு நெல்லிக்கொல்லை. முப்பது வீடு இருக்கும். ஜீப் நின்ற இடத்துக்கு மேலே சரிவில் ஓர் ஆள் இறங்கி வந்துகொண்டிருந்தார். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, மூங்கில் கழி மாதிரி. தலையில் ஒரு முழுப் புளி மூட்டை.

“அவன்தான் எங்கண்ணன்” என்றார் குப்பன்.

கயல் டாக்டர் வாயில் கை வைத்துக்கொண்டார். “மூட்டை தூக்குறீங்களா! எப்பலேர்ந்து?”

வெள்ளையன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சந்தோஷமாகக் கும்பிட்டார். “எட்டாம் நாள்லேர்ந்து தூக்கறேங்க. அப்ப சாமை, இப்ப புளி.”

டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆள் பாதி, மூட்டையோ முழுசு. இனி தையல் எங்கே தங்கியிருக்கப் போகிறது?

வீட்டுக்குள் ஒரு புடவையை மறைப்பாகக் கட்டி, வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே நாங்களும் பாதி ஊரும் நின்றோம். உள்ளிருந்து கயல் டாக்டரின் குரல் மட்டும் கேட்டது.

“நின்னுக்கிட்டு நல்லா இருமுங்க.”

இருமல்.

“இன்னும் பலமா.”

வெளியே வெள்ளையனின் மனைவி லட்சுமி தன்னை அறியாமல் இருமினார். பக்கத்தில் நின்றவர் இருமினார். அன்வர் பாயும் இருமினார். நானும் இருமினேன், அடக்க முடியவில்லை. குப்பன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடி நின்றார். அவருக்கு இருமினால் ஆபத்து.

பிரபு டாக்டர் கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்: “கயல்! வலை கல்லு மாதிரி இருக்கு! ஒரு நூல் நகரல!”

“அப்ப ஏன் இப்படி இளைச்சுட்டார்?” கழுத்தில் கட்டி இல்லை, சளி இல்லை, காய்ச்சல் இல்லை. கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியாகக் கேட்டார்: “பசி எடுக்குதாங்க?”

“எடுக்குதுங்க. ரொம்பப் பசிக்குதுங்க டாக்டரம்மா.”

“அப்புறம் ஏன் சாப்பிடல?”

“நீங்கதானே வெயிட்டு ஏத்தாதன்னீங்க?”

“நானா? எப்ப?”

“ஆஸ்பத்திரியில மிசின் மேல நிக்க வெச்சி வெயிட்டு பாத்தீங்க. அறுவத்தி ரெண்டுன்னாங்க நர்சம்மா. போவறப்ப நீங்க, ‘நான் சொல்ற வரைக்கும் வெயிட்டு ஏத்தாதீங்க’ன்னீங்க. ஏத்தலீங்க. ஏறிடுமோன்னு பயந்து, கொஞ்சம் கம்மியாவே வெச்சிக்கினேன். மண்டியில மூட்டைய எறக்கிட்டு, அதே தராசுல நானும் ஏறிப் பாத்துக்குவேன். போன வாரம் அம்பத்தி ரெண்டு.”

“நான் மூட்டையைச் சொன்னேங்க! தலையில வெயிட் ஏத்தாதீங்கன்னு!”

“மூட்டைன்னா மூட்டைன்னு சொல்றதில்லியா?”

புடவை மறைப்பு விலகியது. கயல் டாக்டர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, பல்லெல்லாம் தெரிந்தது. சொன்னதைக் கேட்க மாட்டார்கள் என்றாரே அந்தச் சீஃப்! இந்த மனிதர் சொன்னதை அப்படியே கேட்டதில் பத்துக் கிலோ போயிருக்கிறது.

லட்சுமி பிடித்துக்கொண்டார். “அடப் பாவி மனுசா! பொங்கலுக்குக் கோழி அடிச்சி வெச்சேன், பசிக்கலன்னியே! நான்தான் சோத்துல மருந்து வெச்சிட்டேன்னு பாதி ஊரு பேசுச்சே!”

“சொன்னா நீ வுடுவியா? உருண்ட உருட்டி வாயில திணிச்சிருப்ப.”

“இப்ப மட்டும் வுட்ருவனா?”

“இப்ப நான் சொல்றேன்” என்றார் கயல் டாக்டர், ஊருக்கே கேட்கும்படி. “வெள்ளையன், வெயிட்டு ஏத்துங்க! நல்லா ஏத்துங்க!”

ஊர் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். லட்சுமி அப்போதே கோழியைத் துரத்த ஆரம்பித்தார்.

சமையல் ஆகும் வரை கயல் டாக்டர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து யோசனையில் இருந்தார். நான் பக்கத்தில் போய், “ஜெயிச்சிட்டீங்க, இன்னும் என்ன?” என்றேன்.

“மூணு மாசம் மூட்டை தூக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றோம் அண்ணே. புளி சீசன்ல அத யார் கேப்பாங்க? அதுக்குப் பயந்தே வராம இருக்கறவங்க எத்தனை பேரோ! இவர் எட்டாம் நாளே தூக்கியிருக்கார், தாங்கியிருக்கு. ஒரு ஆளை வச்சு எதுவும் சொல்லிட முடியாது. அவர் மாதிரி தூக்குங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆனா உண்மையிலேயே எத்தனை நாள் வேணும்? இத்தனை நாளா அந்தக் கேள்வியே எனக்குத் தோணல.” கண் மின்னியது. டிராயர் கைப்பிடியில் முதல் முடிச்சு நிற்கக் கண்ட அன்று இருந்த அதே முகம். “உங்க கடைக்கு இன்னொரு புத்தகம் வருது அண்ணே. அட்டை என்ன கலர்னு இப்பவே முடிவு பண்ணுங்க.”

“பச்சை” என்றேன். எதிரே மலை அந்த நிறத்தில்தான் இருந்தது.

ஒரு மணிக்குப் பந்தி. தையல் இலையில் சாமைச் சோறு, கோழிக் குழம்பு. இலையைத் தைத்திருந்த ஈர்க்குகளைப் பிரபு டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது தொடர் தையல் இல்ல, ஒவ்வொண்ணும் தனித் தையல்” என்றார். என் பைண்டிங் கை அதை ஒப்புக்கொண்டது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். வெள்ளையன் இளைத்தாலும் சாப்பாட்டில் யானைதான். நான்காவது முறை சோறு கேட்டார். ஊர் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணாத குறையாகப் பார்த்தது. எதிரில் உட்கார்ந்திருந்த குப்பனும் அதைத்தான் பார்த்தார். அவர் இலையில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் கை வைக்கவில்லை.

கீழே எங்கள் தெருவில் டாக்டர் ஒருவர் வீடு தேடி வந்தால் யாருக்கோ முடியவில்லை என்று பொருள். அக்கம்பக்கத்தார் குரலைத் தாழ்த்துவார்கள். இங்கே டாக்டர் வந்ததற்குக் கோழி அடித்துப் பந்தி வைத்தார்கள். எத்தனையோ தீசிஸ் தைத்திருக்கிறேன்; அதில் வரும் ஒருவர் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவியதை அன்றுதான் பார்த்தேன். புறப்பட மனசில்லாமல் எழுந்தேன்.

திரும்பினால் குப்பன் இடத்தில் இல்லை. ஜீப்பின் முன் சீட்டில், என் சீட்டில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கதவை உள்ளிருந்து இறுகப் பிடித்திருந்தார்.

“ஏங்க, சாப்பிட்டு வாங்க!” என்று கூப்பிட்டார் கயல் டாக்டர்.

“ஆபரேசனுக்கு முன்னால துன்னக் கூடாதுன்னு எங்கண்ணனுக்குச் சொன்னீங்களே? நீங்க சொன்னா சொன்னதுதான்.”

“ஆபரேசன் நாளைக்குத்தாங்க! இப்ப சாப்பிடலாம், இறங்குங்க!”

குப்பன் யோசித்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, லட்சுமியிடமிருந்து இலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இறங்காமலே சாப்பிட ஆரம்பித்தார்.