ட்ரையல் போன ரோடு

சர்வீஸுக்கு வண்டியை விடும்போது டிக்கியைக் காலி செய்து கொடுக்கச் சொல்வார்கள். போன வாரம் நான் அதை மறந்துவிட்டேன். கையில் டேப்லட்டோடு வந்த ஒரு பெண் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியில் கையை விட்டு, ஒரு கை நிறையப் பனியன் துணித் துண்டுகளை எடுத்து நீட்டினாள். வெளிறிப்போன ஒரு மஞ்சள், கொஞ்சம் கிளிப்பச்சை, மீதியெல்லாம் கறுத்துப்போனவை.

"இது வேஸ்ட்டுங்களா மேடம்? போட்டுரட்டுங்களா?"

வேஸ்ட்தான். அதன் பெயரே அதுதான். பனியனுக்கு வெட்டியது போகக் கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுகளைத் திருப்பூரில் வேறெப்படியும் சொல்வதில்லை. "இல்லம்மா, குடு" என்று வாங்கிக்கொண்டு, அவள் திரும்பியதும் மூக்கருகே கொண்டுபோனேன். தலை நரைத்த ஒருத்தி ஷோரூம் வாசலில் நின்று அழுக்குத் துணியை மோந்து பார்க்கிறாள் என்று யாராவது கேமராவில் பார்த்திருந்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். பருத்தியும் கிரீஸும் கலந்த வாசனை. உள்ளே காத்திருக்கும் அறையில் எலுமிச்சை வாசனை அடித்தது, நிஜ எலுமிச்சம்பழத்துக்கே இல்லாத வாசனை. அந்தக் குளிரில் மெத்தென்ற சோபாவில் உட்கார்ந்ததும் கண் சொக்கியது. துணி என் கைப்பையில் இருந்தது. நான் அங்கே இல்லை.

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு வழக்கு உண்டு. வண்டியை டீலரிடம் விடுவதா, வெளியே ஏதாவது ஷெட்டில் விடுவதா என்று. நான் ஷெட் கட்சி. என் கணவர் டீலர் கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்தான் மெக்கானிக். ஒரு பனியன் கம்பெனியின் பஸ்களையெல்லாம் அவர்தான் கவனித்துக்கொள்கிறார். சொந்தக் காரை மட்டும் தொடமாட்டார். "நம்ம ஊட்டு வண்டியில கை வெச்சா எனக்குக் கை நடுங்குது" என்பார். ஒவ்வொரு வருஷமும் நான்தான் தோற்கிறேன்.

அவர் எனக்கு வெறும் தண்டபாணியாக இருந்த காலம் ஒன்று உண்டு.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் படிப்பை முடித்துவிட்டு, பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். ஏதோ கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களைக் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் போய் அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் தலையில் விழுந்தது. கூடவே கம்பெனி காரும். நாலு சக்கரம் என்பதைத் தவிர கார் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "வண்டியில எந்நேரமும் நீங்கதானுங்க போறீங்க, என்ன சத்தம் வருதுன்னு நீங்களே போயிச் சொல்லுங்க" என்று முதலாளி என்னையும் டிரைவரோடு அனுப்பிவிட்டார்.

டிரைவர் சேவியர் அண்ணன் எங்கள் ஊர்க்காரர்தான். அப்பாவோடு ஒரே சர்ச்சுக்கு வருகிறவர். வண்டி நின்றால் தூங்கிவிடுவார்.

தண்டபாணியின் ஷெட் ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. நாலு கம்பம், மேலே தகரம், நடுவில் ஆள் இறங்கும் பள்ளம். பக்கத்தில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனி. அதன் ஜன்னல் வழியாக வரும் பஞ்சு, வெயிலில் மெதுவாக மிதந்து கார்களின் பானெட்டில் வந்து உட்காரும். வேப்பம்பூ உதிரும் மாதங்களில் எது பூ, எது பஞ்சு என்று தெரியாது. தலைமுடியில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் அவர் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்தபோது அப்படித்தான் இருந்தார். கல்யாண வீட்டிலிருந்து வருகிற மாதிரி.

"என்ன மாதிரி சத்தமுங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ம்ம்ம்... க்ளுக்... ம்ம்ம்..." என்று வாயால் செய்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். மறுபடியும் செய்தேன். சேவியர் அண்ணன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ட்ரையல் போயிப் பாத்தரலாமுங்க."

அதுதான் ஆரம்பம். அவர் ஓட்ட, நான் முன்சீட்டில் சத்தத்துக்குச் சாட்சியாக உட்கார, சேவியர் அண்ணன் பின்சீட்டில் தூங்க, பெருமாநல்லூர் ரோட்டில் வடக்கே போவோம். ஊர் முடிந்ததும் சோளக்காடு வரும். நாலைந்து தென்னந்தோப்புகள், நடுநடுவே புதிதாக எழும்பும் கம்பெனிகளின் தகரக் கூரைகள். கண்ணாடிகளை இறக்கிவிடச் சொல்வார். "பேசாம வாங்க. சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேக்கோணும்."

பேசாமல் போவோம். நீங்கள் யாரோடாவது அப்படிப் போயிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், ஒரே சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு போவது. மாலை வெயில் டேஷ்போர்டில் கிடக்கும். சோளக்காட்டுக் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். திடீரென்று "க்ளுக்" என்று கேட்கும். ஒரே சமயத்தில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்ப்போம். "அதாங்க!" என்பேன். "அதேதானுங்க!" என்பார். ஏதோ நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசிவிட்ட மாதிரி அப்படி ஒரு சந்தோஷம்.

பழைய வண்டி. சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை.

அவர் கையைத் துடைக்க முரட்டுச் சாக்குத் துணி வைத்திருந்தார். என் கம்பெனியில் வேஸ்ட் மலை மாதிரி குவிந்து கிடக்கும். ஒருநாள் ஒரு பை நிறைய எடுத்துப் போனேன். அதன் பிறகு போகும்போதெல்லாம் கொண்டுபோனேன். கட்டிங் செக்‌ஷனில் நின்று, எது மெத்தென்று இருக்கிறது என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துப் பொறுக்குவேன். கிரீஸ் துடைக்கப் போகிற துணிக்கு நிறப் பொருத்தம் பார்த்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். அவர் குழந்தைச் சட்டையின் மஞ்சளில் கையைத் துடைத்துக்கொண்டு, "நெம்ப மெதுவா இருக்குதுங்க" என்பார். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறே வேண்டாம்.

அப்புறம் அது நடந்தது. சித்திரை வெயிலில் வண்டி சூடேற ஆரம்பித்தது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் மேலே மேலே போகும், பிறகு தானாக இறங்கிவிடும். தண்டபாணி ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், ஹோஸ் மாற்றினார். ட்ரையல் போய்ப் பார்த்தோம். முள் அசையவில்லை. "இனி ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

மறுநாளே ஒரு பையரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, கருமத்தம்பட்டி தாண்டி, பானெட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. வண்டி நின்றுவிட்டது. அந்த வெள்ளைக்காரர் ரோட்டோரத்தில் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஃப்ளைட் போய்விட்டது. ஆர்டரும் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கொங்குநாட்டில் கோபத்துக்கும் மரியாதை உண்டு. முதலாளி குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்கம்மிணி, இனி அந்த ஷெட்டுப் பக்கம் நம்ம வண்டி போகவேண்டாமுங்க. டீலர்கிட்டயே விட்டுருங்க." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டீலரிடம் மெஷினை மாட்டிப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். ரேடியேட்டரை ஒட்டிச் சுற்றுகிற ஃபேன் அவ்வப்போது நின்று நின்று ஓடியிருக்கிறது. இதை நான் தண்டபாணிக்குப் போனில் சொன்னேன்.

"ஃபேனா? நான் பாக்கறப்பல்லாம் சுத்துச்சுங்களே..." என்றார். பிறகு, "தப்பு என்னுதுதானுங்க. ஐயா சொன்னது சரிதான். அங்கயே விடுங்க" என்றார்.

அந்த மரியாதையான ஆள் என்னைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று இருந்தது. எப்படிச் சொல்வார்? நான் ஒரு காரோடு வந்து போகிற பெண். கார் வராவிட்டால் நானும் வரமாட்டேன். அவர் கணக்கு சரிதான்.

டீலர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி சத்தமே போடாமல் ஓடியது. ஏர்போர்ட் போகும் வழியெல்லாம் நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே போவேன். ஒரு "க்ளுக்" கூட இல்லை. சேவியர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். பழக்க தோஷத்தில் கட்டிங் செக்‌ஷனில் வேஸ்ட் பொறுக்குவதை மட்டும் நான் விடவில்லை. மேஜைக்கு அடியில் பை உப்பிக்கொண்டே போனது, காலை நீட்ட இடமில்லை.

ஆடி மாதம் என்று நினைவு, காற்று வீசியடித்த ஒரு மத்தியானம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்டாப்பில் இறங்கி நடந்து ஷெட்டை நெருங்கியபோது துணித் துண்டுகள் பையிலிருந்து பறந்தன. ஓடி ஓடிப் பிடித்தேன். பள்ளத்திலிருந்து தலையை நீட்டிப் பார்த்த தண்டபாணி மேலே ஏறி வந்தார்.

"வேஸ்ட் கொண்டாந்தேன்" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார். "வண்டி எங்கீங்க?"

"வண்டி இல்ல."

"சேவியரண்ணன்?"

"அவரும் வரல."

மறுபடியும் ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப... நீங்க மட்டுமா வந்தீங்க?"

"ஆமா. நான் மட்டும்தான்."

அவர் கையில் கிரீஸ். எதில் துடைப்பதென்று தெரியாமல், பை முழுக்கத் துணி இருந்தும் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. எங்களுக்குள் பேச வேண்டியதெல்லாம் அத்தோடு பேசி முடிந்தது.

அப்பாவிடம்தான் முடியவில்லை. வேறு சாமி கும்பிடுகிறவர் என்பதை ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டார். அவர் தொண்டையில் நின்றது வேறு. "மரத்தடியில குழி தோண்டி உக்காந்திருக்கான். நாளைக்கு மழை பெஞ்சா வேல உண்டா? மாசம் பொறந்தா சம்பளம் வாங்குத ஆளாப் பாத்தா ஒனக்கு என்னா?" என்றார். வாழ்நாள் முழுக்க, போட்ட உருப்படிக்குத்தான் கூலி என்ற பீஸ் ரேட்டில் நின்றுகொண்டே இஸ்திரி போட்டவர். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

சேவியர் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, நான் பின்னாடி கண்ண மூடிக்கிட்டு எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தேன். ஒருநாள் ஒரு பொழுது தப்பா ஒரு வார்த்த பேசல அந்தப் பையன். சத்தத்தப் பத்திதான் பேசுனான்" என்றார். தூங்காமல்தான் இருந்திருக்கிறார் மனுஷன்! அப்பா இறங்கி வந்தார். ஆனால் அந்தச் சம்பளம் என்ற சொல்லிலிருந்து இறங்கவில்லை.

தண்டபாணி டீலரிடம் போய் வேலை கேட்டார். அந்த ஃபேனைக் கண்டுபிடித்த அதே இடத்தில். நான் வேண்டாம் என்று அழுதேன். ஷெட்டை மூடிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டால் பிறகு என்மேல் வெறுப்பு வரும் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவர் வேப்பமரத்தில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டார். "அழுவாதீங்க. உங்களுக்காவ மட்டுமில்லீங்க. அந்த மெசினு எப்படிப் பாக்குதுன்னு நானும் பாக்கோணும். தெரியாம எத்தன நாளைக்குக் காதை மட்டும் நம்பீட்டிருக்கறது?"

அவர் சொன்னது நிஜம். அங்கே போன பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. புதிது புதிதாகக் கற்றுக்கொண்டு வந்து எனக்கு வகுப்பெடுத்தார். நான்தான் ஷெட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். பழனிக்கு ஒருமுறை, சர்ச்சுக்கு ஒருமுறை என்று கல்யாணம் முடிந்தது. மாமியார் எனக்குத் திருநீறு பூசப் பார்ப்பார், நான் குனிந்து கொடுப்பேன். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பின்னாளில் அவர் பனியன் கம்பெனி பஸ் வேலைக்கு மாறும்வரை, எங்கள் கம்பெனி காரைச் சர்வீஸுக்கு விடப் போகும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் அவர் நீல யூனிஃபார்மில் வண்டிக்கு அடியில் நிற்பார். வேலை நேரத்தில் கஸ்டமரிடம் பேசக் கூடாது. ட்ரையல் பார்க்க வேறொரு ஆள் இருந்தார், அவர் தனியாகப் போய்விட்டு வந்து சாவியைக் கொடுத்துவிடுவார். என் வீட்டுக்காரரே என் வண்டியைப் பார்த்தார், நாங்கள் சேர்ந்து ஒரு சத்தத்தைக் கேட்கவில்லை.

"மேடம், வண்டி ரெடிங்க" என்று அந்தப் பெண் எழுப்பியபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். என் கணவர் வேலை முடிந்து வந்து வெளியே நின்றுகொண்டிருந்தார். வண்டியை எடுத்ததும், "வீட்டுக்கு வேண்டாம், பெருமாநல்லூர் ரோட்டுல போலாம்" என்றேன். ஏன் என்று கேட்காமல் திருப்பினார்.

ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து நாங்கள் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். நின்று தேடியதில்லை. வளைவுகளை நேராக்கிவிட்டார்கள். சோளக்காடு இருந்த இடங்களில் குடோன்கள், ஹாஸ்டல்கள், வாசலில் இந்தியில் எழுதிய சாப்பாட்டுக் கடைகள். அந்த நிட்டிங் கம்பெனி கைமாறி, இடிந்து, வேறு ஏதோவாகிவிட்டது. ஒரு பேங்க் ஏடிஎம் வாசலில் வண்டியை நிறுத்தி, "இங்கதான் நம்ம ஷெட்டு" என்றார்.

"இங்க எங்க இருந்துச்சு? அந்தப் பெட்ரோல் பங்கு தாண்டியில்ல?" என்றேன்.

"பங்குகிட்ட பஸ் ஸ்டாப்பு. நான் அங்க வருசக்கணக்கா உக்காந்திருந்தவன், எனக்குத் தெரியாதா?"

"நான் அந்த ஸ்டாப்புல இறங்கி நடந்தவ. எனக்குத் தெரியாதா?"

அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. முன்னும் பின்னும் பார்த்தார். அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை. டீக்கடையில் இருந்தவரிடம் கேட்கலாம் என்றால் அவர் ஊர் பீகார். ஏடிஎம் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் வண்டியை நகர்த்தி, நான் சொன்ன இடத்திலும் கொஞ்ச நேரம். இரண்டு இடத்திலும் நிழல் இல்லை.