அஞ்சு கால் மாடும் ஒற்றைச் செருப்பும்

போன மாதம் இதே இடத்தில் ஒரு பாட்டம் புலம்பியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஹூக்ளி ஆற்றங்கரையில் நான் எடுத்த படகு போட்டோவை யாரோ ஒரு புண்ணியவான் சுட்டு, தன் பெயரில் போட்டுக்கொண்ட கதை. அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் பவானிபூரில் எங்கள் பேட்டை கிளப்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிறு காலை குழந்தைகளுக்கு, பெங்காலியில் சொன்னால், 'பொஷே ஆங்கோ' — உட்கார்ந்து வரையும் போட்டி. நான்தான் ஜட்ஜாம்.

எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது என்று சொல்லிப் பார்த்தேன். எழுதுகிறீர்களே, அது போதும் என்றார் செயலாளர்.

போட்டி முடிகிற நேரத்தில் ஒரு சுற்று வந்தேன். குடிசை, ஆறு, இரண்டு தென்னை, ஒரு மாடு. அடுத்த தாள்... குடிசை, ஆறு, இரண்டு தென்னை, ஒரு மாடு. பதினான்கு குழந்தைகளும் ஒரே டிராயிங் மாஸ்டரிடம் படிக்கிறவர்கள். ஒரே படத்தை மாதக்கணக்கில் பழகிக்கொண்டு, போட்டிக்குப் போட்டி அதையே வரைவார்கள். இந்த ஊரில் இது சகஜம்.

அப்போதுதான் வர்ஷினி என் துப்பட்டாவை இழுத்தாள். எட்டு வயது. கோயம்புத்தூர்ப் பெண். அப்பா, அம்மா இருவரும் ஐ.டி. இந்த ஊருக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

"ஆன்ட்டி, திட்லி என் மாட்டைக் காப்பி அடிச்சுட்டா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த திட்லி பெங்காலிப் பெண். ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச். வர்ஷினியின் அம்மா சுதா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "அக்கா, பெருசு பண்ணிடாதீங்க. இந்த ஊர்ல இவளுக்கு இருக்கறது அந்த ஒரு ஃப்ரெண்டுதானுங்க. அதுவும் போச்சுன்னா ஸ்கூலுக்கே போக மாட்டேம்பா."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. படகு போட்டோ கண் முன்னால் நிற்கிறதே! இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தேன். வர்ஷினியின் மாட்டுக்கு ஐந்து கால். திட்லியின் மாட்டுக்கும் ஐந்து கால். பரீட்சை ஹாலில் எப்படிப் பிடிப்பார்கள்? இரண்டு பேர் சரியாக எழுதினால் குற்றமில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாக எழுதினால்தான் மாட்டினார்கள்.

"திருடி அகப்பட்டாள்" என்று நிமிர்ந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற தாள்களையும் பார்த்தேன். ஐந்து கால். ஐந்து கால். பதினான்கு மாடுகளுக்கும் ஐந்து கால், ஒன்றுக்குக்கூட வால் இல்லை.

டிராயிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன்; இங்கே மரியாதையாக 'மாஸ்டர் மொஷாய்' என்பார்கள். சாதுவான மனிதர். ஜோல்னாப் பையிலிருந்து மாதிரிப் படத்தை எடுத்தார். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கும் ஜெராக்ஸ். மாட்டின் வால் மை அப்பி, கனத்து, கால் மாதிரி நின்றது. வெகு நேரம் அதையே பார்த்தவர், "அட, இது வால்" என்றார் மெதுவாக. முதலில் யார் வரைந்தது என்று கேட்டேன். ஏதோ ஸ்வீட் பாக்ஸ் மூடியைப் பார்த்து வரைந்தாராம். ஆக, மாஸ்டரின் மாடும் இரவல் மாடுதான்.

வர்ஷினிக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயோ ஆன்ட்டி, நான் காலைச் சொல்லலீங்க. செருப்பு."

கால்களை எண்ணுகிற மும்முரத்தில் அது என் கண்ணிலேயே படவில்லை. அவள் மாட்டின் ஐந்தாவது காலில் மட்டும் ஒரு ஹவாய்ச் செருப்பு. நீல வார். திட்லியின் மாட்டுக்கும் அதே கால், அதே நீல வார். மற்ற பன்னிரண்டும் வெறுங்கால்.

எதற்கு ஒரு காலுக்கு மட்டும் செருப்பு?

"அந்தக் கால் எக்ஸ்ட்ராதானே. அதுக்காச்சும் சுடாம இருக்கட்டும்னு."

இந்த ஒன்றை அவள் எந்த ஸ்வீட் பாக்ஸிலிருந்தும் எடுக்கவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்படியானால் களவு நிஜம்தானே? திட்லியிடம் திரும்பினேன். கண் கலங்கிவிட்டது குழந்தைக்கு. தன் தாளை வர்ஷினியின் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தாள். பெங்காலியில் அவள் சொன்னதை வர்ஷினிக்குத் தமிழில் சொன்னேன்: "அவ மாட்டுக்கு வலது செருப்பு மட்டும் இருந்துச்சு. இன்னொண்ணு எங்கேன்னு யாராவது கேப்பாங்கல்ல? அதான் இடது செருப்பை நான் வரைஞ்சேன்."

வர்ஷினி குனிந்து பார்த்தாள். இடதுதான். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி" என்றாள். சுதா ஒரு பெருமூச்சு விட்டாள். நானும்தான்.

முதல் பரிசை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தோம். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. மாஸ்டர் மொஷாய் தயங்கித் தயங்கி வந்து வர்ஷினியிடம் கேட்டார் — இனிமேல் அவருடைய மாதிரிப் படத்திலும் செருப்பைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று. நான் மொழிபெயர்த்தேன்.

"என் பேர் போடணும். திட்லி பேரும்."

அங்கேயே பென்சிலை எடுத்து மாட்டுக்குக் கீழே இரண்டு பெயரையும் எழுதினார் மனிதர்.

படகு போட்டோவை எடுத்துக்கொண்ட புண்ணியவானே, இதைப் படிக்கிறீர்களா? கேட்கவில்லை, பெயரும் போடவில்லை, போகட்டும்... ஒரு செருப்பாவது சேர்த்திருக்கக் கூடாதா?