ஒன்பது இடத்துக்கும் ஒருவன்

என் தம்பி பானுஜன் என்ன வேலை செய்கிறான் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. பேஸ்போல் விளையாடுகிறான் என்றால், கிரிக்கெட்டோ என்பார்கள். இல்லை, வேறு, அதற்குச் சம்பளமும் வாங்குகிறான் என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பிறகு எந்த இடத்தில் நிற்பவன் என்று கேட்பார்கள். எல்லா இடத்திலும் என்று நான் சொன்னதும் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விசயம் இவ்வளவுதான். மைதானத்தில் ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். ஒருவர் பந்து எறிவார், எதிரே விக்கெட் காப்பாளரைப் போல ஒருவர் குந்தியிருந்து பிடிப்பார், மற்றவர்கள் சுற்றிவர நிற்பார்கள். அந்த ஒன்பதில் யாருக்குக் கால் பிசகினாலும், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், போய் நிற்கிற ஆள் பானு. அவனுடைய பையில் நான்கு விதமான கையுறைகள் இருக்கும்.

சுவிஸில் நாங்கள் வளர்ந்த லாங்கன்தாலில் பள்ளிக்கூட நண்பன் ஒருவன்தான் பதினான்கு வயதில் அவனை இந்த விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். முதல் நாள் முதல் பந்தையே பானு நன்றாக அடித்தான். அடித்தவன் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினான். எங்கள் வீட்டுப் பிள்ளை வேறெப்படி ஓடுவான்? போய்ச் சேர்ந்த இடத்தில் மட்டையால் கோட்டையும் தொட்டானாம். மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் சொன்னார்கள். இரண்டு வருடம் அவனை மைதானத்துக்கு வெளியே வாங்கிலேயே உட்கார வைத்தார்கள். யாராவது வராத நாளில் அந்த இடத்துக்கு இவன் கை தூக்கினான். அப்படியே ஒவ்வொன்றாகப் பழகிவிட்டான்.

இருபத்தொரு வயதில் தென் ஜெர்மனியில் ஒரு கழகம் சம்பளமும் அறையும் கொடுத்துக் கூப்பிட்டது. அங்கே ஆறு பருவம். பிறகு சூரிச் பக்கத்துக் கழகம் ஒன்று அவனை இங்கே கூப்பிட்டது. குளிர்காலத்தில் ஓல்டனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவான், வசந்தம் வந்தால் மைதானம். எங்கே போனாலும் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான்.

அப்பா யோகராஜா முப்பது வருடம் ஒரே ஹோட்டல் குசினியில் அடுப்படியில் நின்றவர். மகனை ஓரிடத்தில் நிற்க விடாத வேலை என்ன வேலை என்பது அவருடைய கட்சி. ஒரு ஆட்டத்துக்கும் அவர் வந்ததில்லை.

போன வருடம் வசந்தத்தில் பயிற்சியாளர் ரெட்டோ பானுவைக் கூப்பிட்டு, இந்தப் பருவத்தோடு சரி என்றார். முப்பத்திரண்டு வயதாகிவிட்டது, அடுத்த வருடம் இடத்துக்கு ஒரு ஆளாக எடுக்கப் போகிறோம் என்றாராம். ஓல்டன் ரயில் மேடையில் வைத்து அதை என்னிடம் மட்டும் சொன்னான்.

"அக்கா, என்ர கால் இன்னும் ஓடுது, கண் தெரியுது. எனக்கு விளையாடினால் காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

வீட்டில் சொல்லாதே என்றான். நான் எங்கே சொல்லாமல் இருந்தேன்? செப்டெம்பரில் பானுவின் கழகம் இறுதியாட்டத்துக்கு வந்தது, ஆட்டமும் அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே. இது அவனுடைய கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று அப்பாவிடம் போட்டு உடைத்தேன். அவர் கோயிலுக்குப் போடுகிற காற்சட்டையை எடுத்துப் போட்டார். அம்மா ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

பந்தை அடித்தவன் சுற்றி ஓடி நான்கு தளங்களையும் தொட்டால் ஓர் ஓட்டம். ஆட்டம் தொடங்கும்போது பானு இரண்டாம் தளத்தில் நின்றான். மூன்றாம் தளத்துக்காரர் காலைப் பிரட்டிக்கொள்ள, இவனை அங்கே அனுப்பினார்கள். சற்று நேரத்தில் இடது கோடியில் நின்ற பொடியனுக்குக் கண்ணில் வெயில் அடித்துப் பந்து தவறியது, இவனை அங்கே அனுப்பினார்கள். அப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது. ஓரிடத்திலும் வைத்திருக்க முடியாமல் பிள்ளையைத் துரத்துகிறார்கள் என்றுதான் அவருக்கு விளங்கியது. நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஐந்தாவது சுற்று முடிந்ததும் எழுந்து நேரே வேலியடிக்குப் போய்விட்டார். மானம் போகிறதே என்று நான் பின்னால் ஓடினேன். குசினியில் பழகிய ஜெர்மனில் அப்பா ரெட்டோவைக் கூப்பிட்டு, என் மகனுக்கு ஓர் இடத்தைக் கொடு, அங்கேயே நிற்க விடு என்றார். ரெட்டோ கோபிக்கவில்லை. எந்த இடத்தைக் கொடுக்கட்டும், நீங்களே சொல்லுங்கள் என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "அதை நீதான் சொல்ல வேணும். இவ்வளவு நாளும் பாத்தவன் நீ. நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார்.

ரெட்டோ மைதானத்தின் பக்கம் திரும்பினார்.

எட்டாவது சுற்றில் குந்தியிருந்து பிடிப்பவருடைய பெருவிரலில் பந்து பட்டு எலும்பு முறிந்தது. அந்த இடத்துக்கு இருந்த மற்றவரை முன்பே வெளியே எடுத்துவிட்டார்கள், ஒரு தடவை வெளியே போனவர் திரும்பி வர முடியாது. ரெட்டோ திரும்பிப் பார்க்க முன்பே பானு முழங்காலுக்குக் கவசம் கட்டிக்கொண்டிருந்தான். எறிபவர்கள் பயிற்சிக்கு எறிகிற பந்தைக் குந்தியிருந்து பிடிப்பது முதுகொடிகிற வேலை. யாரும் செய்யாத அந்த வேலையை வருடக்கணக்காக அவன்தான் செய்து வந்தான்.

கடைசிச் சுற்று. எங்களுக்கு நான்கு ஓட்டம், அவர்களுக்கு மூன்று. இன்னும் ஒருவரை வீழ்த்தினால் கிண்ணம் எங்களுக்கு. அவர்களுடைய ஆள் ஒருவன் இரண்டாம் தளத்தில் ஓடத் தயாராக நின்றான். அடுத்தவன் அடித்த பந்து வலது கோடிக்குப் போனது. ஓடுபவன் மூன்றாம் தளத்தைத் தாண்டி, பானு நிற்கிற கடைசித் தளத்தை நோக்கிப் பறந்து வந்தான். அவன் தொட்டால் சமன்.

வலது கோடியிலிருந்து பந்து வந்தது. ஆனால் எட்டவில்லை, நிலத்தில் குத்தப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் நிலம் சரிவு. குத்திய பந்து நேரே எழாமல் உள்ளே விலகும். இது யாருக்குத் தெரியும்? அந்தக் கோடியில் நின்று அதே எறியை நூறு தடவை எறிந்தவனுக்குத் தெரியும். பந்து நிலத்தைத் தொட முன்பே பானு ஓரடி உள்ளே நகர்ந்துவிட்டான். பந்து குத்தி, விலகி, அவனுடைய கையுறைக்குள் வந்து விழுந்தது. சறுக்கி வந்தவன் தளத்தைத் தொட முன்பே அவனுடைய காலில் அதை அழுத்திப் பிடித்தான். நடுவர் அவுட் என்று கையை உயர்த்தினார்.

நான் வாய்விட்டு அழுதேன், எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத சுவிஸ்காரியைக் கட்டிப் பிடித்தார். அப்பா வாங்கின் மேல் ஏறி நின்றார். அறுபத்தெட்டு வயது மனுசன்.

பரிசெல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, நாங்கள் பானுவோடு நின்ற இடத்துக்கு ரெட்டோ வந்தார். தொப்பியைக் கழற்றினார். எந்த இடம் என்று அப்பாவிடம் கேட்டது தன்னுடைய பிழை, இவனுக்கு ஒன்பதும் இடம்தான் என்றார். நாளைக்கு அலுவலகத்துக்கு வா, அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தம் போடுவோம் என்று பானுவிடம் சொன்னார். பானுவின் முகம் மலர்ந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அப்பா அவனுடைய தோளில் கை வைத்தார்.

"தம்பி, ஒரு வருசம் எண்டால் கையெழுத்து வைக்காதை. நான் பதினொரு வருசம் வருசா வருசம் விசா நீட்டினனான். அது என்னோட காணும்."

பானு அப்பாவைப் பார்த்தான். பிறகு ரெட்டோவின் பக்கம் திரும்பி, மூன்று வருடம் என்றான். ரெட்டோ தொப்பியை இடது கைக்கு மாற்றினார். பிறகு கையை நீட்டினார்.