மாமனார் சைக்கிளும் மூன்று யோசனைக்காரர்களும்

பழைய சைக்கிளைப் பழுது பார்க்கிறவனுக்கு நல்ல ஸ்பேனர் கிடைக்க ஒரு மாதம் ஆகும். யோசனை சொல்ல ஆள் கிடைக்க, அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாலே போதும். உங்களில் யாருக்காவது இந்த வியாதி இருந்தால் நான் சொல்வது புரியும். இல்லாதவர்கள் புண்ணியவான்கள், சிரித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு வியாதி வந்தது, நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா நாளுக்கு மூன்று மாதம் முன்பு. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனாரிடம், சண்டைக்கு முந்திய சீமைச் சைக்கிள் ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்துப் பரணில் அதை ஏற்றி வைத்தார். ஜப்பான்காரன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் இறக்கவில்லை. இறக்கியபோது கரி பிடித்து அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. பழைய இரும்புக்குப் போட டவுனுக்குக் கொண்டுவந்தவரிடம், எனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"மெர்டேக்காவுக்கு மொத நாள் வர்றேன், மாப்பிள்ளை. ஓடிச்சின்னா உங்களுக்கு. ஓடலேன்னா இரும்புக்கடைக்கு" என்றார்.

அவர் பஸ் ஏறுவதற்குள், மெர்டேக்கா காலையில் கேரியரில் உட்காரவைத்து விழா நடக்கும் பண்டார் ஹிலிர் மைதானத்துக்கு, அதாவது பாடாங்குக்கு, அழைத்துப் போவதாக என் மனைவி கமலத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவசரக்காரனுக்கு வாக்குக் கொடுப்பது சுலபம்.

மூன்று நாளும் ஒரு தட்டும்

பெடல் கட்டையை அச்சோடு பிடித்திருக்கும் சின்ன ஆணிக்கு காட்டர் பின் என்று பெயர். நான் எங்கள் காஜா பெராங் பேட்டை முழுக்கக் கேட்கும்படி அதைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தபோது, தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழர்கள் குடியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்து சிநேகிதர் பிள்ளை வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய விபூதி இருக்கும். பேச்சு முழுக்க மலாயில் இருக்கும். தமிழில் அவருக்கு உறவுமுறையும் பலகாரங்களின் பெயரும்தான் வரும். ஆனால் அவர் வீட்டில் நான்கு பழைய சைக்கிள்கள் இருந்தன, நான்கும் ஓடின.

அவர் என் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். ஆணியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டார். போய்விட்டார், சுத்தியலோடு. மறுநாள் மாலையும் வந்து இரண்டு சொட்டு விட்டார், அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்கு ரத்தம் கொதித்தது. நான்காம் நாள் அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, மேலே ஒரே ஒரு தட்டுத் தட்டினார். ஆணி கழன்று என் காலடியில் விழுந்தது. மூன்று நாள் காத்திரு, ஒரு தடவை தட்டு என்பதை அவர் தம் பாஷையில் சொன்னார்: "தீகா ஹாரி துங்கு, சாத்து காலி கெத்தோக்."

இடது பெடல்

செமாபோக்கிலிருந்து வரும் முத்தையா ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். சைக்கிளையும் நோயாளியைப் போலத்தான் பார்ப்பார். முதலில் படுக்கவைக்கச் சொல்வார். இடது பெடல் கழலவில்லை. நான் ஸ்பேனரைப் பிடித்து அழுத்தினேன். பிறகு முத்தையா அழுத்தினார். பிறகு ஸ்பேனரின் காம்பில் ஒரு நீளக் குழாயை மாட்டி, இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். ஒரு மணி நேரம் போயிற்று, என் சட்டையும் முதுகில் கிழிந்தது.

கமலம் காப்பி கொண்டுவந்தவள், தட்டைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழாக ஓடும், மற்றதெல்லாம் கழலும் பக்கம் சுற்றினால் அது இறுகும் என்பது, அப்பா சைக்கிளைத் துடைத்துக் கொடுத்து வளர்ந்தவளுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் கேட்டது இவ்வளவுதான்: "ஏங்க, ரெண்டு பேரும் அதைக் கழட்டுறீங்களா, இல்ல இறுக்குறீங்களா?"

சிவப்புப் பெயின்ட்

நாடே புதுசாகப் போகிறதே, சைக்கிளும் புதுசாக இருக்கட்டும் என்று ஒரு டின் சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்தேன். முத்தையாவுக்கு அந்த நிறம் ரொம்பப் பிடித்திருந்தது. தெங்கேராவில் குடியிருக்கும், மலாய் பேசும் சீனரான பாபா லிம் மட்டும் டின்னைப் பார்த்ததும் ஏதோ செத்த எலியைப் பார்த்ததுபோல முகத்தைச் சுளித்தார். பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர் அவர். சைக்கிளில் வருவார், ஆனால் சேறு இருந்தால் இறங்கித் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்.

பிரஷ்ஷை நனைக்கப் போன என்னைத் தடுத்துவிட்டு, ஒரு பழந்துணியில் மண்ணெண்ணெயைத் தொட்டு, கரியின்மேல் விரல் அகலத்துக்குத் துடைத்தார். பிறகு தேங்காய் எண்ணெயால் துடைத்தார். கரிக்கு அடியில் கறுப்பு பளபளவென்று இருந்தது. அதன்மேல் முடி கனத்துக்கு ஒரு தங்கக் கோடு. பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலே புகை பட்டும் அது அப்படியே இருந்தது. பெயின்ட் டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். லிம் மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பெயின்ட் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம். அடிச்சதை அடிக்காததா ஆக்க முடியாது."

செண்டோல் கடை

மெர்டேக்காவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சைக்கிள் முழுசாக நின்றது. நாங்கள் நான்கு பேரும் ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவுக்குச் சவாரி கிளம்பினோம். நான் முன்னால் போனேன். வளைவில் ஒரு கோழி குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் ரப்பர் நான்கும் கூட்டிலிருந்து பறந்து போயின.

ரப்பர் உட்காரும் இரும்புக் கூட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். சக்கரம் ரப்பரை இழுத்துக்கொண்டு போகிற பக்கம் மூடிய முனை இருக்கவேண்டும். நான் திறந்த முனையை அங்கே வைத்திருந்தேன். சைக்கிள் நேராகப் போய், தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்டுச் செண்டோல் விற்கும் ஒரு வண்டியில் முட்டி நின்றது. கடைக்கார பாய் பதறவில்லை. ஐஸ் பெட்டிக்குள் விழுந்த ரப்பரைக் கரண்டியால் எடுத்துக் கொடுத்து, ஒரு கிளாஸா ரெண்டு கிளாஸா என்று கேட்டார்.

முத்தையா என் முழங்காலுக்குக் கட்டுப் போடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளை இதே தப்பைச் செய்து சாக்கடையில் விழுந்தவர். லிம் பள்ளிக்கூட வேலியில். முத்தையா சொந்த ஆஸ்பத்திரிச் சுவரில். பாவிகளா, ஒருத்தராவது சொல்லியிருக்கக்கூடாதா என்று கத்தினேன். முத்தையா கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். "எங்களுக்கும் யாரும் சொல்லலியேண்ணே."

பரீட்சை

சொன்னபடி மாமனார் மெர்டேக்காவுக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தார். நாங்கள் நான்கு பேரும் பரீட்சை எழுதிய பையன்கள் மாதிரி வரிசையாக நின்றோம். சைக்கிளைச் சுற்றி வந்தார். தங்கக் கோட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தவர், காஜா பெராங் சாலையில் வடக்கே போனவர், ஒரு மணி நேரம் திரும்பவில்லை. விழுந்திருப்பாரோ என்று வாசலுக்கும் சாலைக்குமாக நடந்தேன். பிரேக் ரப்பரை எந்தப் பக்கம் வைத்தேன் என்று பத்துத் தடவை யோசித்தேன்.

திரும்பி வந்தபோது வியர்வையில் குளித்திருந்தார். இருபது வயசு குறைந்த முகம். கமலத்தைப் பார்த்து, காலையில சீக்கிரம் கெளம்பு, கேரியர்ல நீ ஒக்காருவல்ல, பள்ளிக்கூடம் போறப்ப ஒக்காந்த மாதிரி என்றார். அவள் சிரித்த சிரிப்பை, கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மெர்டேக்கா காலையில் அப்பாவும் மகளும் சைக்கிளில் பாடாங்குக்குப் போனார்கள்; நாங்கள் நான்கு பேரும் பின்னால் நடந்து போனோம். மத்தியானம் அவர் ஜாசின் பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஓடினால் எனக்கு என்றீர்களே மாமா என்றேன். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார்: "ஓடாதுன்னு நெனச்சித்தான் மாப்பிள்ளை அப்படிச் சொன்னேன்."

ஆகையால், என் போன்ற துன்பக்காரர்களே, மாமனார் சைக்கிளைச் சீர் செய்ய நேர்ந்தால், பின்சக்கரத்தையாவது கொஞ்சம் கோணலாகவே விட்டுவையுங்கள்.